ஐந்து பங்கும் ஒரு கையும்

மாட்டுங்கா
12 ஜூன் 1945

அம்மாவின் மருந்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் உங்களுக்கு எழுதுவதில்லை என்று மூன்று மாதமாக இருந்தேன். இன்று எழுத வேண்டி வந்துவிட்டது.

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் சமயம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் கிட்டு என்றார். ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆனவராம். கிங்ஸ் சர்க்கிளுக்கு அந்தப் பக்கம் வீடு. "அபயாம்பாள் அனந்தநாராயணன்கறது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நீங்க கோகிலா சோப் கம்பெனியில பங்குதாரர். அடுத்த மாசக் கூட்டத்தைப் பத்தி உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

வீடு தப்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். என் அகத்துக்காரர் அந்தக் கம்பெனியில் கணக்கர், நாக்பூருக்கு மாற்றலாகிப் போயிருக்கிறார், நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், எனக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவரும் ஒரு பங்குதாரராம், கம்பெனியின் பங்குதாரர் பட்டியலை விண்ணப்பம் போட்டு வாங்கியிருக்கிறார். அதில் என் பெயர், நம் விலாசம், ஐந்து பங்கு.

உள்ளேயிருந்து அம்மா, "யாராக்கும் அது? சோப்பு விக்கறவனா? வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"விக்க வரலை, மாமி. உங்க மாட்டுப்பொண்தான் சோப்பு முதலாளி" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நான் பங்கு வாங்கவில்லை. நீங்கள் வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் எனக்கு ஏன் தெரியாது? நாக்பூர் மாற்றலைப் பெட்டி கட்டின பிறகு சொன்னது போல இதையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தீர்களா?

அபயாம்பாள்


நாக்பூர்
17 ஜூன் 1945

அபயம்,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதானா!

கம்பெனியை நடத்துகிறவர் சேட் என்றாலும், ஓர் ஆள் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் இருபது ஓட்டுக்கு மேல் கிடையாது என்று ஆரம்பத்தில் விதி எழுதிவிட்டார்கள். ஐந்து பங்குக்கு ஓர் ஓட்டு. அதனால் அவர் தம்முடைய பங்குகளில் கொஞ்சத்தை ஐந்தைந்தாகப் பிரித்து ஆபீஸ்காரர்களின் மனைவிமார் பெயரில் மாற்றி வைத்திருக்கிறார். ஹெட் குமாஸ்தா சுந்தரராமன் வீட்டில், டைப்பிஸ்ட் வீட்டில், எல்லோர் வீட்டிலும் உண்டு. பெயர் நம்முடையது, பங்கு அவருடையது. லாபம் வந்தாலும் அவருக்குத்தான். பெரிய ஆபீஸ்களில் எல்லாம் இது வழக்கம். உன்னிடம் சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

சில நாளில் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வரும். ப்ராக்ஸி என்று அதற்குப் பெயர். உனக்குப் பதிலாக வேறொருவர் ஓட்டுப் போடலாம் என்று நீ சம்மதிக்கும் காகிதம். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. மற்ற இடத்தை அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் கிட்டுவை வீட்டுக்குள் விடாதே. பொழுது போகாத மனிதர்.

இங்கே மழை இன்னும் வரவில்லை. ராத்திரி தண்ணீர் தெளித்த பாயில் படுக்கிறேன். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை.

அனந்தநாராயணன்


மாட்டுங்கா
28 ஜூன் 1945

படிவம் வந்தது. கூடவே கூட்டத்தின் நோட்டீஸும் வந்தது. அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் படித்தேன். மூன்றாவது தீர்மானம், கம்பெனியின் செம்பூர் தொழிற்சாலை இருக்கும் மனையை விற்பது. வாங்குகிறவர் சேட்டின் மைத்துனர். மனையை விற்றுவிட்டால் சோப்பை எங்கே காய்ச்சுவார்கள்? நோட்டீஸில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்பிள்ளை வந்தாள். கனகவள்ளி என்று பெயர். தாராவியில் இருக்கிறாள். செம்பூரில் சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற வேலை. கிட்டுவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு ஓட்டு இருக்காம்லா? கிட்டு ஐயா சொன்னாவ."

இருக்கிறதாம் என்றேன்.

"நாங்க அஞ்சு பொம்பளைய சேந்து ஒரு பங்கு வாங்கினோம். கூட்டத்துல ஓட்டு எண்ணுததுக்கு முந்தி கை தூக்கச் சொல்லுவாவளாம். அப்ப ஒரு பங்கு வச்சிருந்தாலும் ஒரு கைதானாம், ஐந்நூறு வச்சிருந்தாலும் ஒரு கைதானாம். உள்ள போயி ஒரு வார்த்தை கேக்கலாம்னு பாத்தோம். எம் பேர பட்டியல்ல எழுத மாட்டேன்னுட்டாவ."

"ஏன்?"

"காரணம் சொல்லணும்னு சட்டம் இல்லையாம். டைரக்டருமாருக்குப் பிடிக்கல்லன்னா எழுத வேண்டாமாம்." பிறகு, "ஒங்க பேர மட்டும் எப்படி எழுதினாவ? நீங்க எம்புட்டுக் கொடுத்து வாங்கினிய?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். காபி கலந்து கொடுத்தேன்.

காசு கொடுத்தவளுக்குப் பெயர் இல்லை. கொடுக்காதவளுக்குப் பெயர் இருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று நீங்களே எழுதுங்கள். இன்னொன்று. இந்தப் பங்கை என் பெயருக்கு மாற்றியபோது நான் எதிலாவது கையெழுத்துப் போட்டேனா? எனக்கு ஞாபகம் இல்லை.

படிவம் அலமாரியில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அபயாம்பாள்


நாக்பூர்
3 ஜூலை 1945

அபயம்,

நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் சொல்ல வைக்கிறாய். சோப்பு இனிமேல் நாக்பூரில் காய்ச்சப்படும். அதற்கு ஏற்பாடு செய்யத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். நிச்சயமான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். தீர்மானம் நிறைவேறினால் நான் இங்கே மானேஜர். வீடு கொடுப்பார்கள். தனி வீடு, சமையலறைக்குள்ளேயே குழாய். நீ காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டாம். பிள்ளைகளோடு கத்தி தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கையெழுத்து நீ போடவில்லை, நான் போட்டேன். உன் தம்பி கல்யாணத்துக்கு நீ பாலக்காடு போயிருந்தாய். அன்றே வேண்டும் என்று கேட்டார்கள். பெண்டாட்டி பெயரைப் புருஷன் எழுதினால் குற்றமா என்று நினைத்தேன். சுந்தரராமனும் அப்படித்தான் செய்தார்.

செம்பூரில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படி உள்ளதைக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அது நானும் நீயும் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. ஐந்து பங்கு உன் பெயரில் இருக்கிறது என்பதற்காக அந்த ஓட்டு உன்னுடையது ஆகிவிடாது.

எல்லோர் வீட்டுப் படிவமும் வந்துவிட்டது, உங்கள் வீட்டுப் படிவம் மட்டும் வரவில்லை என்று ஹெட் ஆபீஸிலிருந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கே தலை நிமிர முடியவில்லை. தயவுசெய்து அனுப்பிவிடு. தயவுசெய்து என்று உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அனந்தநாராயணன்


மாட்டுங்கா
19 ஜூலை 1945

படிவத்தை அனுப்பவில்லை. நானே போனேன்.

பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ரயிலில் போரிபந்தர் போய், அங்கிருந்து மழையில் நடந்து கோட்டைப் பகுதியில் கூட்டம் நடக்கும் கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னேன். பொய்தான்.

வாசலில் ஒரு மேஜை. வந்தவர்கள் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் தமிழில் போட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா ஒரு ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏ மேல் நஹீ காதா. கையெழுத்து ஒத்துப்போகலையே. நீங்க நிஜமாவே அவங்கதானா?" என்று பாதி ஹிந்தியிலும் பாதி தமிழிலும் கேட்டான். ஃபைலைத் திருப்பிக் காட்டினான். அதில் என் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் எழுத்துக்கு மேலே நீங்கள் போடுகிற வளையத்தோடு.

அது என் கையெழுத்தே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களைப் பிடிப்பார்கள். பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், ஈரக் குடையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. பேனாவை இன்னொரு முறை கொடு என்று வாங்கி, நீங்கள் எழுதுகிற மாதிரியே வளையம் வைத்து என் பெயரை எழுதினேன். குமாஸ்தா தலையை ஆட்டி உள்ளே விட்டான்.

ஹெட் ஆபீஸ் செகரட்டரி என்னை ஆபீஸ்காரர்களின் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். வேறு பெண்கள் யாரும் இல்லை. எல்லோரும் படிவம் அனுப்பிவிட்டார்கள். சேட் இங்கிலீஷில் வேகமாகப் படித்தார். கிட்டு எழுந்து என்னவோ கேட்டார், உட்காருங்கள் என்றார்கள். கனகவள்ளி வெளியே எதிர் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும், வரும்போது பார்த்தேன்.

ஆதரிப்பவர்கள் என்றார் சேட். என் வரிசையில் எல்லாக் கையும் எழுந்தது. நான் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. எதிர்ப்பவர்கள் என்றார். தூக்கினேன்.

உங்களிடம் மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். மறைத்து வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அபயாம்பாள்


நாக்பூர்
20 ஜூலை 1945

என் அபயம்,

இன்று ஹெட் ஆபீஸ் செகரட்டரியிடமிருந்து தந்தியே வந்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியதாம். அதோடு, "உங்கள் மனைவி மழையில் நேரில் வந்து நம் பக்கம் கை தூக்கினார், சேட் மிகவும் சந்தோஷப்பட்டார்" என்று. நான் அதை நான்கு தடவை படித்தேன். படிவம் வரவில்லை என்று உன்னை எத்தனை திட்டியிருப்பேன் மனதுக்குள்! நீயே போவாய் என்று நான் எப்படி நினைப்பேன்?

எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாற்றலைப் பற்றி முன்னாலேயே உன்னிடம் பேசியிருக்க வேண்டும். இங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லையாம். நீ விரும்பினால் அதைப் பார்க்கலாம். அம்மாவுக்கு ஜன்னல் பக்கத்து அறை.

இன்று சாயங்காலம் முதல் மழை. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

உன்னுடைய,
அனந்தநாராயணன்


நாக்பூர்
22 ஜூலை 1945

அபயாம்பாள்,

நேற்று முன்தினம் நான் எழுதியதை நீ படித்திருப்பாய். நீ எழுதியது எனக்கு இன்றுதான் வந்தது. நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை. வாங்கிக்கொள்ள வேண்டுமா என்றும் தெரியவில்லை.

உன் வரிசையில் எல்லாக் கையும் எழுந்ததைப் பார்த்த செகரட்டரி உன் கையும் எழுந்தது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அல்லது நீ தூக்கியதைப் பார்த்து, எதற்குத் தூக்கினாய் என்று கவனிக்கவில்லை. எனக்கு அது முக்கியம் இல்லை.

இதை மட்டும் சொல். அந்தக் கையை நீ தூக்கியது சேட்டுக்கு எதிராகவா, நாக்பூருக்கு எதிராகவா, எனக்கு எதிராகவா?

அ.


மாட்டுங்கா
30 ஜூலை 1945

தெரியவில்லை.

நாலைந்து நாளாக யோசித்தும் இந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது. கையைத் தூக்கும்போது கனகவள்ளி நடைபாதையில் நிற்பதைத்தான் நினைத்தேன். அதில் சந்தேகம் இல்லை. தூக்கியபிறகு, இனி நாக்பூர் போக வேண்டாம், பள்ளிக்கூடத்தை விட வேண்டாம் என்று மனசில் ஒரு நிம்மதி வந்தது. அதுவும் நிஜம். அந்த நிம்மதிக்காகத்தான் தூக்கினேனோ, அவளைச் சாக்காக வைத்துக்கொண்டேனோ என்று ராத்திரியெல்லாம் குழம்புகிறேன். உங்கள் மேல் கோபமும் இருந்தது. எந்த அளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் இருபதாம் தேதிக் கடிதத்தைப் படித்து அழுதேன். ஏன் என்று அதுவும் தெரியவில்லை.

அன்றைக்கு நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கை எண்ணி முடித்ததும், ஓட்டை எண்ண வேண்டும் என்று கிட்டுவும் இன்னும் சிலரும் கேட்டார்கள். எண்ணினார்கள். மேஜை மேல் ப்ராக்ஸிப் படிவங்களைக் கட்டுக் கட்டாக வைத்தார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வெளியே வந்து கனகவள்ளியிடம் போனேன். "நீங்க கை தூக்கினியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி, மழை வலுக்குததுக்குள்ள வீட்டுக்குப் போங்க, டீச்சரம்மா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவள் போனாள்.

சேட்டின் நன்றியை நான் வைத்துக்கொள்ள முடியாது. செய்யாததற்குப் பாராட்டு வாங்கினால் செய்தது என்ன ஆகும்? உண்மையை ஹெட் ஆபீஸுக்கு நீங்கள் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன். இது மிரட்டல் இல்லை. உங்கள் வழியாகப் போவதுதான் உங்களுக்கு நல்லது என்று தோன்றுகிறது. கையெழுத்து விஷயத்தை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அதில் இப்போது எனக்கும் பங்கு உண்டு.

அபயாம்பாள்


நாக்பூர்
24 ஆகஸ்டு 1945

அபயம்,

ஜப்பானோடு சண்டை முடிந்துவிட்டது என்று இங்கே தெருவெல்லாம் விளக்கு வைத்தார்கள். எனக்கு அதைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. உனக்கு எழுதவும் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஹெட் ஆபீஸுக்கு எழுதினேன். என் மனைவி தீர்மானத்துக்கு எதிராகவே கை தூக்கினாள், அது அவளுடைய சொந்த முடிவு, இதைத் தங்களிடம் மறைப்பது சரியில்லை என்று. தபாலில் போட்டுவிட்டு, வேலை போய்விடும் என்று பெட்டியைக்கூடத் துடைத்து வைத்தேன்.

பதில் வந்தது. செகரட்டரி எழுதுகிறார்: "சேட்டிடம் சொன்னேன். சிரித்தார். பெண்களுக்குக் கூட்டம் புதிது, இங்கிலீஷ் புரியாமல் தவறிப்போய்த் தூக்கியிருப்பார், இதற்காக வருத்தப்பட வேண்டாம் என்றார். நீங்கள் மானேஜர் வேலையை ஒன்றாம் தேதியிலிருந்து ஏற்றுக்கொள்ளலாம்."

அவ்வளவுதான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அகராதி வைத்து இரண்டு சாயங்காலம் நோட்டீஸைப் படித்தவள் என்று எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதினால் நம்பமாட்டார்கள். நீ தெரிந்துதான் கை தூக்கினாய் என்று நம்புகிறவன் இந்தக் கம்பெனியில் நான் ஒருவன்தான். அது எனக்கு எதிராகவே இருந்தாலும் சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் தோன்றவில்லை.

வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டேன். அது தப்பா? எனக்கே புரியவில்லை. புதிதாகச் சேர்த்த பெண்களுக்குக் காகிதம் சுற்ற வரவில்லை. நிறையக் கிழிகிறது. எனக்கு உன் கனகவள்ளியின் ஞாபகம் வருகிறது, நான் பார்த்தே இராத மனுஷி.

அந்த ஐந்து பங்கையும் திரும்ப சேட் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். படிவத்தை இதோடு அனுப்புகிறேன். பென்சில் குறியை அழித்துவிட்டேன். படித்துப் பார். போடலாம் என்றால் போடு. வேண்டாம் என்றால் அதையும் எழுது. நான் அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அனந்தநாராயணன்


மாட்டுங்கா
18 அக்டோபர் 1945

படிவத்தைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன், நேரே ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் வளையத்தோடு எழுதியது அதுவே கடைசி. நம்முடையது இல்லாததை வைத்துக்கொண்டு நியாயம் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

செம்பூர் தொழிற்சாலையைப் போன மாதக் கடைசியில் மூடிவிட்டார்கள். கனகவள்ளிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. முறுக்கு சுற்றி மாஹிம் பக்கம் விற்கிறாள். நேற்று ஒரு உறையைக் கொண்டுவந்தாள். அவளுடைய பங்கைப் பதிவு செய்துவிட்டார்கள். இனிமேல் அவளால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகு எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. உறைக்குள் மனை விற்ற லாபத்தில் பங்குதாரருக்கு உரியது என்று ஒரு சின்னத் தொகை.

"இது சம்பளமா, டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

இல்லை, தொழிற்சாலை மனையை விற்றதில் உங்கள் பங்கு என்றேன்.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாங்க நின்னு வேலை செஞ்ச எடத்த வித்து எங்களுக்கே காசு தாராவளா? வாங்கலாமா, வாங்கக் கூடாதா?" என்றாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்கிக்கோடி. அதுக்கென்ன, உன்னோடதாக்கும்" என்றாள். அவளோடு அம்மா பேசியது அதுதான் முதல் தடவை. வாங்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அதுதானா என்று இப்போதும் தெரியவில்லை.

ஐந்து பேரில் சண்முகவடிவு என்கிறவள் புருஷனோடு ஊருக்குப் போகிறாளாம், அவள் போட்டதைத் திருப்பிக் கேட்டாளாம். மற்றவர்களிடம் இல்லை. நான் என் சம்பளத்திலிருந்து கொடுத்து அவளுடைய இடத்தை எடுத்துக்கொண்டேன். இப்போது கோகிலா சோப் கம்பெனியில் ஒரு பங்கில் ஐந்தில் ஒன்று என்னுடையது. எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் இருக்காது. கூட்டத்துக்குக் கனகவள்ளிதான் போவாள். சேட்டிடம் கேட்க வேண்டியதை இப்போதே யோசித்து வைத்திருக்கிறாள். அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது என் வேலை.

நீங்கள் மானேஜர். அடுத்த வருஷம் அவள் கேட்கப்போகும் கேள்வி உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை ஏற்றுக்கொண்டது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் பதில் எழுதாமல் விடுகிறேன்.

தீபாவளிக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் அம்மாவை அழைத்துக்கொண்டு நாக்பூர் வருகிறேன். இருக்கப் போகிறோமா, பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறோமா என்று அம்மா தினமும் கேட்கிறாள். தெரியாது என்றால் கோபித்துக்கொள்கிறாள். உங்களுக்கும் இப்போதைக்கு அதே பதில்தான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் வந்து சேர்வதற்குள் எனக்காக எதையும் தீர்மானித்து வைக்காதீர்கள். வாசலில் என்ன செடி வைப்பது என்பதைக்கூட.

அபயாம்பாள்